உள்ளாட்சித் தேர்தலில் பெண்கள் வாக்குரிமை: வடக்கனந்தல் – கல்வராயன் மலை வட்டாரம்

உள்ளாட்சி அமைப்புகளின் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் பெண்கள் உரிமை பெற்ற வரலாறு தமிழ்நாட்டில் ஏறத்தாழ நூறாண்டு நீண்டது. 1917இல் சென்னை அடையாறில் கோரிக்கையாக எழுந்த இவ்வுரிமை, முதலில் சொத்துள்ள சிலருக்கும், குடியரசு அமைந்தபின் வயது வந்த அனைவருக்கும் கிடைத்தது. 1990களில் இட ஒதுக்கீட்டின் வழியாகப் பதவி உரிமையாகவும் விரிந்தது. சட்டம் வந்த நாளும் அது ஊருக்கு வந்துசேர்ந்த நாளும் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டம் வடக்கனந்தலையும் அதனையடுத்த கல்வராயன் மலையையும் கொண்டு பார்த்தால் இந்த இடைவெளி தெளிவாகத் தெரியும்.

வட்டாரம்

வடக்கனந்தல் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. கச்சிராயபாளையம் இதனோடு சேர்ந்தது. அருகில் கோமுகி அணை உள்ளது. கரும்பு, நெல், மரவள்ளி, மக்காச்சோளம் விளையும் பகுதி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் செல்லும் சாலை மலையேறி வெள்ளிமலையை அடைகிறது. கல்வராயன்மலை ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. அந்த ஒன்றியத்தில் 15 கிராம ஊராட்சிகள் உள்ளன. மக்களில் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். (கேரளத்தவரைக் குறிக்கும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது.)

இப்பகுதி நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கியது. மாவட்டப் பிரிவினைக்கும் பெண்களின் வாக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு, பின்னர் வருகிறது.

பழைய ஊராட்சியில் பெண்கள்

தமிழகத்து உள்ளாட்சி என்றவுடன் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலை முறையையும் சொல்வது வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்த விதிகள் வியப்பூட்டுபவைதாம். கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக முடியாது என்ற விதி இன்றைக்கும் பொருந்தும். ஆனால் அது பிராமண ஆண்களின் சபை. சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையான வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். குடத்தில் இடப்பட்ட ஓலைகளில் பெண்ணின் பெயர் இருக்க வழியில்லை. நிலமும் வீடும் உடையவனே ஊர்க்காரியம் பார்க்கத் தகுந்தவன் என்ற அந்த எண்ணம், ஆயிரம் ஆண்டு கழித்து ஆங்கிலேயர் கொண்டுவந்த தேர்தல் விதிகளிலும் வேறு வடிவில் இருந்தது.

அடையாறில் எழுந்த கோரிக்கை

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் முன்னின்றனர். கசின்ஸ் அயர்லாந்துக்காரர். 1908இல் அங்கே பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்; அப்போராட்டத்தில் சிறை சென்றவர். பெண்கள் வாக்குரிமை உள்ளாட்சியிலிருந்துதான் மேலே ஏறும் என்பது அவர் கண்ட அனுபவம். இங்கிலாந்தில் 1869இலேயே வரி செலுத்தும் பெண்கள் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 1869ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. 1872இல் நீதிமன்றம், மணமான பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. கன்னியாகவோ கைம்பெண்ணாகவோ இருந்து வரி கட்டினால் வாக்கு உண்டு. கணவன் இருந்தால் இல்லை.

1917 டிசம்பரில் இந்திய அமைச்சர் மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் சென்னைக்கு வந்தனர். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்களின் தூதுக்குழு ஒன்று அவர்களைச் சந்தித்தது. புதிய அரசியல் அமைப்பில் 'மக்கள்' என்று குறிப்பிடும் இடத்தில் பெண்களும் அடங்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கையின் சாரம். அடுத்த ஆண்டு வெளியான மாண்டேகு–செம்ஸ்போர்டு அறிக்கையில் பெண்களின் வாக்குரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொடர்ந்து வந்த சவுத்பரோ குழு, நாட்டின் சமூக நிலையில் அதற்குக் காலம் கனியவில்லை என்று சொல்லிவிட்டது. 1919இல் சரோஜினி நாயுடு, பெசன்ட், ஹெராபாய் டாட்டா, அவர் மகள் மிதன் டாட்டா ஆகியோர் லண்டன் சென்று வாதாடினர். பிரித்தானிய நாடாளுமன்றம் தானும் முடிவெடுக்காமல், அந்தந்த மாகாணச் சட்டமன்றங்களே தீர்மானிக்கட்டும் என்று தள்ளிவிட்டது.

இதை எதிர்பாராத வாய்ப்பாக மாற்றிக்கொண்டது சென்னை. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த சென்னைச் சட்டமன்றம் 1921 ஏப்ரல் 1 அன்று, பெண் என்பதால் வாக்காளராகும் தகுதியை மறுக்கும் விதியை நீக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரித்தானிய இந்திய மாகாணங்களில் இதுவே முதல். 1923ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களித்தனர். 1926இல் மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார். நியமன உறுப்பினராக வந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார்.

யாருக்குக் கிடைத்தது?

நீக்கப்பட்டது பெண் என்ற தடை மட்டும்தான். சொத்துத் தடை அப்படியே இருந்தது. கிராமப்புறத்தில் குறிப்பிட்ட அளவு நிலத்தீர்வை கட்டும் பட்டாதாரராகவோ, வேறு வரி செலுத்துபவராகவோ இருந்தால்தான் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறும். பட்டா யார் பெயரில் இருந்தது? தகப்பன் பெயரில், கணவன் பெயரில், பிறகு மகன் பெயரில். நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தவள் பெயரில் இல்லை. பிரித்தானிய இந்தியா முழுவதிலும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாக்குப் பெற்ற பெண்கள் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இருந்தனர்.

ஊர் அளவிலான அமைப்புகளிலும் இதே நிலைதான். 1920இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிகள் சட்டம், உள்ளாட்சி வாரியங்கள் சட்டம், கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் என மூன்று சட்டங்கள் வந்தன. மாவட்டக் கழகங்களும் தாலுகா கழகங்களும் செயல்பட்டன. தாலுகா கழகங்கள் 1934இல் கலைக்கப்பட்டன. இவற்றில் பெண் உறுப்பினர் என்றால் பெரும்பாலும் அரசு நியமித்தவரே. மருத்துவர், பள்ளி நடத்துபவர், வழக்கறிஞரின் மனைவி, ஜமீன் குடும்பத்தவர் என நகரத்துப் படித்த பெண்களே நியமனம் பெற்றனர். அடையாறுச் சங்கத்தின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அந்த உழைப்பு இல்லாவிட்டால் 1921 தீர்மானமே இல்லை. ஆயினும் கோமுகி ஆற்றங்கரையில் கூலிக்கு நடவு நட்ட பெண்ணுக்கு அந்தத் தீர்மானத்தால் வாக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

சொத்துக்கும் வாக்குக்கும் உள்ள இந்தத் தொடர்பை அக்காலத்தில் சிலர் தெளிவாகக் கண்டனர். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கோரியது. தமிழ்நாட்டில் இந்து மகளிருக்குப் பரம்பரைச் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு 1989இல்தான் சட்டமாயிற்று. நல்லவேளையாக, வாக்கு அதுவரை காத்திருக்கவில்லை.

இட ஒதுக்கீடு குறித்த 1930களின் விவாதம்

பின்னாளில் உள்ளாட்சியை மாற்றிய இட ஒதுக்கீடு, 1930களில் பெண்கள் இயக்கத்தையே இரண்டாகப் பிரித்த பொருள். இப்போது இது பலருக்கு நினைவில் இல்லை. அந்த விவாதத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் கல்வராயன் மலைக்கு மேற்கே, அன்றைய சேலம் மாவட்டத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த ராதாபாய் சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்த டாக்டர் ப. சுப்பராயனின் மனைவி.

1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டில் பெண்களின் சார்பாகக் கலந்துகொண்ட இருவரில் ராதாபாய் ஒருவர். மற்றவர் பேகம் ஷா நவாஸ். தொடக்கக் காலத்துக்கேனும் பெண்களுக்கென்று இடங்களை ஒதுக்க வேண்டும் என்று இருவரும் கேட்டனர். பொதுத் தேர்தலில் பெண் வேட்பாளரை நிறுத்தக் கட்சிகள் முன்வரமாட்டா. நின்றாலும் வெல்லவிடமாட்டார்கள் என்பது ராதாபாயின் கணிப்பு. இந்திய மாதர் சங்கமும் அனைத்திந்திய மாதர் மாநாடும் இதை ஏற்கவில்லை. சலுகை வேண்டாம், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கொடுங்கள், சமமாக நின்று வெல்கிறோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. முத்துலட்சுமி ரெட்டி இத்தரப்பில் உறுதியாக நின்றவர். காந்தியடிகள் கைதானதை எதிர்த்து 1930இல் சட்டமன்றப் பதவியையே துறந்தவர் அவர்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒதுக்கப்பட்ட இடம் என்பது ஒதுக்குப்புறமான இடமாகிவிடும் என்ற அச்சம் பொய்யன்று. ஆனால் அடுத்த அறுபது ஆண்டு உள்ளாட்சியில் நடந்ததைப் பார்த்தால் ராதாபாயின் கணிப்பே பலித்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

1932இல் லோதியன் வாக்குரிமைக் குழுவிலும் ராதாபாய் உறுப்பினராக இருந்தார். 1935ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்தறிவுள்ள பெண்களுக்கும், சொத்துத் தகுதியுள்ள ஆண்களின் மனைவியருக்கும் வாக்களித்தது. இந்தியா முழுவதும் சுமார் 60 லட்சம் பெண்கள் வாக்காளராயினர். இங்கிலாந்தில் 1872இல் கணவன் இருந்ததால் போன வாக்கு, இங்கே 1935இல் கணவன் இருந்ததால் வந்தது. இரண்டிலும் பெண் தனியாளாகக் கணக்கில் இல்லை. 1937 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. ருக்மிணி லட்சுமிபதி துணைச் சபாநாயகரானார். அடுத்த ஆண்டு ராதாபாய் மத்தியில் மேலவைக்குத் தேர்வான முதல் பெண்மணியானார்.

பாக் நீரிணைக்கு அப்பால்

இலங்கை இவ்வகையில் இந்தியாவை முந்திக்கொண்டது. 1931இல் அங்கே ஆண் பெண் இருபாலர்க்கும் வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. ஆசியாவில் இதற்கு முன்னுதாரணம் இல்லை. 1932 இடைத்தேர்தலில் வடகொழும்புத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தேர்வானார். ஆனால் அதே நாட்டின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்கள் கிராமச் சங்கத் தேர்தலில் வாக்களிக்க முடியாதபடி 1930களின் பிற்பகுதியில் சட்டம் செய்யப்பட்டது. இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் ஊராட்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். சுதந்திரத்துக்குப் பின் வந்த குடியுரிமைச் சட்டங்கள் எஞ்சியதையும் பறித்தன. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணி செய்வதற்கு இருந்த சட்டத் தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. பெண்களுக்கு 25 விழுக்காடு ஒதுக்கீட்டுடன் முதல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்ததும் அதே ஆண்டுதான். அதற்கு முன்பு உறுப்பினர்களில் பெண்கள் 2 விழுக்காடு கூட இல்லை. நாட்டளவில் வாக்கு இருந்தும் ஊரளவில் இல்லாதிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

'இன்னார் மனைவி'

இந்தியாவில் அரசியலமைப்புச் சட்டம் 1950இல் சொத்து, கல்வி, பால் ஆகிய எல்லாத் தகுதி வேறுபாடுகளையும் ஒரே வீச்சில் நீக்கியது. 21 வயது நிரம்பிய எவரும் வாக்காளர். சென்னை மாநிலத்தில் 1950ஆம் ஆண்டுக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் அதே அடிப்படையை ஊராட்சிக்கும் கொண்டுவந்தது. அடையாறில் கோரிக்கை எழுந்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கச் சென்ற அலுவலர்களிடம் வட இந்தியாவில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெயரில்லாமல் பதிவு செய்ய முடியாது என்று உறுதியாக இருந்தார். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேர் இதனால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய இந்தியப் பகுதிகளில்தான் இது மிகுதி. சென்னை மாநிலத்தில் இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. கணவன் பெயரைச் சொல்லத் தயங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. தன் பெயரைச் சொல்லத் தயக்கமில்லை.

1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு, ஒன்றிய அளவிலான மன்றங்களில் பெண்கள், குழந்தைகள் நலனில் ஆர்வமுள்ள இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. 1958இல் சென்னை ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. தேர்தலில் பெண் வெல்லாவிட்டால் உறுப்பினர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்வது வழக்கமாயிற்று. சேர்த்துக்கொள்ளப்பட்டவருக்கு, சேர்த்தவரை எதிர்த்துப் பேச எவ்வளவு இடமிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தேர்தலே நடக்காத ஆண்டுகள்

உள்ளாட்சியில் பெண்களின் வாக்கைப் பற்றி எழுதுவோர் சட்டங்களையும் தீர்மானங்களையும் வரிசைப்படுத்துவர். ஆனால் அவ்வாக்கைப் பெரிதும் விழுங்கியது எதிர்ப்புத் தீர்மானம் எதுவுமன்று, தேர்தல் நடத்தாமை. ஆணின் வாக்கும் சேர்ந்தே போயிற்று என்பது உண்மை. ஆனால் ஊரில் ஆணுக்கு வேறு வழிகள் உண்டு. சாவடி, டீக்கடை, கட்சிக் கிளை, கோயில் திருவிழாக் குழு என்று அவன் குரல் செல்ல இடங்கள் இருந்தன. பெண்ணுக்கு ஊர்க்காரியத்தில் அதிகாரபூர்வமாக இருந்த ஒரே இடம் வாக்குச்சாவடி.

தமிழ்நாட்டில் 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986இல். இடையில் உள்ளாட்சி அமைப்புகள் கலைக்கப்பட்டுத் தனி அலுவலர்கள் பொறுப்பில் விடப்பட்டன. 1970இல் 20 வயதான ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அன்றைய விதிப்படி அந்த ஆண்டு அவருக்கு வாக்கில்லை. 1986 வருவதற்குள் அவர் நான்கு மக்களவைத் தேர்தலிலும் நான்கு சட்டமன்றத் தேர்தலிலும் வாக்களித்திருக்கலாம். பிரதமரையும் முதலமைச்சரையும் தேர்ந்தெடுப்பதில் பங்கு கொண்ட அவர், தம் தெருவில் குழாய் போடுபவரைத் தேர்ந்தெடுக்க 36 வயதாகும்வரை காத்திருந்தார். 1986இல் வந்த மன்றங்களின் காலம் 1991இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 1996இல். அப்போது அவருக்கு 46 வயது.

மலைமேல்

கல்வராயன் மலையின் நிலை வேறு. மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது: சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்பவை அந்த ஜாகிர்களின் பெயர்கள். விஜயநகர வேந்தர் கொடுத்த உரிமை என்பது மரபுவழிச் செய்தி. நிலம் ஜாகிருடையது, வரி ஜாகிருக்கு, கூலியில்லா வேலையும் ஜாகிருக்கு. மாநிலம் முழுவதும் ஜமீன்கள் ஒழிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் இங்கே இந்த முறை நீடித்தது. நீண்ட வழக்குகளுக்குப் பிறகு 1976 ஜூன் 25 அன்றுதான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டு.

சென்னைச் சட்டமன்றத் தீர்மானத்துக்கும் இதற்கும் இடையே 55 ஆண்டுகள். வாக்காளராக ஒருவர் சுதந்திரமாக இயங்க, உழும் நிலத்திலிருந்தும் குடியிருக்கும் குடிசையிலிருந்தும் யாரும் தம்மை வெளியேற்ற முடியாது என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் பட்டியலில் உள்ள பெயர் பெயரளவிலானதே. 1976இல் மலை அரசிடம் வந்தபோது தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்தல் நின்று போயிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜாகிர் போய், தேர்தலுக்குப் பத்தாண்டு காத்திருப்பு வந்தது.

இந்தியாவில் பழங்குடிப் பகுதிகள் பலவற்றுக்கு அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பாதுகாப்பும், 1996ஆம் ஆண்டுப் பழங்குடிப் பகுதி ஊராட்சி விரிவாக்கச் சட்டமும் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே கல்வராயன் மலைக்கும் சமவெளிக்கும் ஒரே ஊராட்சிச் சட்டம்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்ததை அடுத்து, ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. ஜாகிர் காலத்து வரலாறும் சாலை, பள்ளி, மருத்துவம் முதலியவற்றின் நிலையும் அதில் பேசப்பட்டன.

1996: மூன்றில் ஒரு பங்கு

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இலும், நகர்ப்புறத்துக்கான 74ஆவது திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1இலும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம். மாநிலத் தேர்தல் ஆணையம் வேண்டும். உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு. பட்டியல் சாதி, பழங்குடி இடங்களிலும் பெண்களுக்கு இதே பங்கு. தமிழ்நாடு 1994இல் புதிய ஊராட்சிகள் சட்டம் இயற்றியது. 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. பல ஆயிரம் பெண்கள் முதன்முறையாக வார்டு உறுப்பினராகவும் தலைவராகவும் வந்தனர்.

பெண்ணுக்கான இடம் என்று அறிவிப்பு வந்ததும் பல ஊர்களில் ஆண்கள் தங்கள் மனைவி, தாய், மருமகள் பெயரில் வேட்புமனு போட்டார்கள். சுவரொட்டியில் கணவர் படம் பெரிதாகவும் வேட்பாளர் படம் சிறிதாகவும் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, போட்டியில்லாமல் 'அன்னபோஸ்ட்' ஆக்குவதும், சில இடங்களில் பதவியை ஏலம் விடுவதும் நடந்தன. ஏலத்தில் பெண்களுக்கு வேலையில்லை. அவர்கள் வாக்குக்கும் வேலையில்லை.

ஆனாலும் இப்படி வந்தவர்கள் எல்லாரும் பொம்மைகளாக இருந்துவிடவில்லை. மதுரை வில்லாபுரத்தில் 1996இல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மாநகராட்சி உறுப்பினரான லீலாவதி, தம் பகுதிக்கு முறையான குடிநீர் வேண்டிப் போராடினார். தண்ணீர் விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவியேற்று ஓராண்டு நிறையவில்லை. பெண் உறுப்பினரின் ஒரு கோரிக்கை யாருடைய பிழைப்பைத் தொட்டது என்பதை இந்தச் சாவு காட்டுகிறது.

காசோலையில் இரண்டு கையெழுத்து

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து காசோலையில் கையொப்பமிட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பர். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுப்பர். முறைகேட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊரில், துணைத் தலைவர் ஊரின் ஆதிக்கச் சாதி ஆணாக இருந்தால், அவர் கையெழுத்துப் போட மறுப்பதே ஊராட்சியை முடக்கப் போதும். தெருவிளக்குப் பல்பு வாங்கவும் அவர் தயவு வேண்டும்.

பழைய தென்னார்க்காட்டின் மறுபகுதியான கடலூர் மாவட்டத்தில், புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர், மன்றக் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தனர். 2020 அக்டோபரில் அந்தப் படம் வெளியானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாயிற்று. அவர் முறையாக வாக்குப் பெற்று வென்றவர் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

தகுதி விதிகள் வேறு உருவில் திரும்பியதும் உண்டு. 2015இல் அரியானா அரசு, ஊராட்சியில் போட்டியிடக் குறைந்தபட்சப் பள்ளித் தேர்ச்சியும் வீட்டில் கழிப்பறையும் வேண்டும் எனச் சட்டம் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. படிக்க வைக்கப்படாத பெண்கள் படிக்காததற்காக விலக்கப்பட்டனர். ராஜஸ்தான் இத்தகைய சட்டத்தை 2019இல் திரும்பப் பெற்றது. தமிழ்நாட்டில் இதுபோன்ற விதி இல்லை.

2016 முதல் 2022 வரை

2016 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளாட்சியில் பெண்களின் ஒதுக்கீட்டை 50 விழுக்காடாக உயர்த்தியது. அக்டோபரில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களைக் காட்டித் தொடரப்பட்ட வழக்கில், அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. அம்மாதத்தோடு மன்றங்களின் காலம் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர்.

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களின் கிராமப்புறங்களில் தேர்தல் நடந்தது. கள்ளக்குறிச்சியில் நடக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் மாவட்டம் பிறந்திருந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்டவையும் அவற்றின் தாய் மாவட்டங்களுமான ஒன்பதிலும் வார்டு மறுவரையறை முடித்த பிறகே தேர்தல் நடத்த வேண்டும் என்று 2019 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு பெருந்தொற்று. கடைசியாக 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஒன்பது மாவட்டங்களும் வாக்களித்தன. புது மாவட்டம் கிடைத்ததைப் பட்டாசு வெடித்துக் கொண்டாடிய பகுதி இது. முழு ஐந்தாண்டு, அதாவது ஒரு மன்றத்தின் முழு ஆயுள், தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாமல் கழிந்தது. பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் மலைக்கும் அடிவாரக் கிராமங்களுக்கும் வர எடுத்துக்கொண்ட காலமும் அதுதான்.

பேரூராட்சியான வடக்கனந்தல் இன்னும் சில மாதம் காத்திருந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. மின்னணு இயந்திரத்தில் வார்டு உறுப்பினருக்கு ஒரே ஒரு வாக்கு. பேரூராட்சித் தலைவரை 1996, 2001, 2011ஆம் ஆண்டுகளில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2022இல் மார்ச் 4 அன்று வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தனர்.

சாலை மலையேறினால் வாக்களிக்கும் முறையும் மாறுகிறது. 2021இல் கல்வராயன்மலை ஒன்றியத்தில் வாக்குச்சாவடிக்கு வந்த பெண்ணுக்கு நான்கு வாக்குகள், நான்கும் காகிதச் சீட்டுகள்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என நிறம் வேறு. முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. நான்கு சீட்டிலும் தனித்தனியே முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போட வேண்டும்.